தனியாக இசைச் சிகிச்சை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எந்த மருத்துவமனையிலும் ஊழியராக இல்லாமல், வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலும் தேவைப்பட்டால் வீடுகளுக்குச் சென்றும் இசைச் சிகிச்சை செய்து வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இசைக் கலைஞர்களும் உளவியல் மாணவர்களும், சில சமயம் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் வருபவர்களை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இசைச் சிகிச்சையும் பாட்டு வகுப்பும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பாட்டு வகுப்பில் இசையைக் கற்பதே நோக்கம். பிள்ளை ஒரு வர்ணத்தைப் பிசகில்லாமல் பாடிவிட்டால் ஆசிரியரின் வேலை நிறைவேறிவிட்டது. சிகிச்சையில் நோக்கம் இசைக்கு வெளியே இருக்கிறது. தன் முறை வரும்வரை காத்திருப்பது, பக்கவாதத்தால் தளர்ந்த கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவது, துக்கத்தைச் சொல்ல வழி காண்பது போன்ற ஒன்றை இலக்காக வைத்துக்கொண்டு, அதை அடைவதற்கு இசையைப் பயன்படுத்துகிறோம்.

பேச்சு வராத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனோடு முதல் ஒரு மாதம் நான் ஒரே ஒரு கைமேளத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை தட்டுவேன்; நான்காவதற்குக் கையை உயர்த்தி அப்படியே நிறுத்திவிடுவேன். அவன் சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பான். ஐந்தாவது வாரம் ஒரு நாள் நடையை நிறுத்தி, அருகில் வந்து, அந்த நான்காவது தட்டைத் தானே தட்டினான். தட்டிவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை ஒரு நொடிக்கு மேல் நீடிக்கவில்லை. அன்றைய குறிப்பேட்டில் நான் முதலில் எழுதியது அதைத்தான். பாட்டு வகுப்பாக இருந்திருந்தால் அன்று எதுவுமே நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

எந்த நோய்க்கு எந்த ராகம் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், நீரிழிவுக்கு ஒரு ராகம், தூக்கத்துக்கு நீலாம்பரி என்று அட்டவணை போட்டுப் பலர் பகிர்கிறார்கள். என்னிடம் அப்படி எந்த அட்டவணையும் இல்லை. யாருக்கும் தருவதும் இல்லை.

இசையால் ஆற்ற முடியும் என்ற நம்பிக்கை நமக்குப் புதியதன்று. போரில் புண்பட்ட வீரனின் வீட்டில் இரவ மரத் தழையையும் வேப்பந்தழையையும் செருகி, யாழோடு பல இசைக்கருவிகளையும் ஒலித்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காப்போம் வாருங்கள் என்று ஒரு பெண் தன் தோழியை அழைப்பதைப் புறநானூற்றின் 281-ஆம் பாடலில் அரிசில்கிழார் பாடியிருக்கிறார். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் ராகங்களை ஆராய்வதற்கென்றே சென்னையில் ஒரு மையத்தை நடத்தினார். இந்த மரபின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. அந்தப் புறப்பாடலை ஊன்றிப் படித்தால், புண்பட்டவனைச் சுற்றி வேம்பும் புகையும் பாட்டும் அவனைத் தெரிந்த மனிதர்களும் சேர்ந்து இருப்பதைக் காணலாம். மாத்திரையைப் போல ஒரு பண்ணை மட்டும் தனியே பிரித்து யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

நடைமுறையில் நான் கண்டதும் இதுவே. மறதி நோயுள்ள ஒரு பாட்டிக்குப் பக்திப் பாடல்கள்தாம் பிடிக்கும் என்று பிள்ளைகள் உறுதியாகச் சொன்னார்கள். மூன்று வாரம் பாடியும் அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று துருவிக் கேட்டபோதுதான் தஞ்சை வட்டாரத்தில் நடவு வேலைக்குப் போனவர் என்பது தெரியவந்தது. அந்த வட்டாரத்து நடவுப் பாட்டு ஒன்றைத் தேடிக் கற்றுக்கொண்டு போய்ப் பாடினேன். இரண்டாவது அடி முடிவதற்குள் அவருடைய வலக்கை போர்வையின் மேல் நாற்று ஊன்றுவதுபோல் இறங்கி இறங்கி எழுந்தது. இதை எந்த ராக அட்டவணையும் எனக்குச் சொல்லியிருக்காது. ஒருவருடைய பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரையிலான இசை நினைவில் வலுவாகத் தங்கும் என்பதால், டூரிங் டாக்கீஸ், இலங்கை வானொலி, திருவிழா ஒலிபெருக்கி, வயல், தேவாலயம் என்று அந்தக் காலத்தைத் தேடிப் போவதையே நான் முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

இந்தியாவில் இதற்கு அரசு உரிமம் வேண்டுமா?

பிரிட்டனில் 'இசைச் சிகிச்சையாளர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு மன்றத்தில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. அமெரிக்காவில் பட்டப்படிப்பும் 1,200 மணி நேர நேரடிப் பயிற்சியும் முடித்துத் தேசியத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம் பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் முதலிய பிரிவினரைப் பதிவு செய்கிறது. இசைச் சிகிச்சையாளர் அந்தப் பிரிவுகளில் இல்லை.

அதாவது, நாளைக் காலை யார் வேண்டுமானாலும் வாசலில் பலகை மாட்டிவிடலாம். இதை ஒரு வசதியாக எண்ணி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வாசலில் காவல் இல்லை என்பதால் வேலியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்ன படித்தோம், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறோம் என்பதை ஒரு பக்கத் தாளில் எழுதி, முதல் நாளே குடும்பத்தாரிடம் கொடுக்கிறேன். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதில்லை. நோயைக் கண்டறிந்து சொல்வதும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் என் வேலையல்ல என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறேன்.

கச்சேரி செய்யும் அளவுக்குச் சங்கீதம் தெரியும். அது போதாதா?

போதாது, ஆனால் அது பெரிய சொத்து. அதோடு இதற்கென்று தனியாகப் படிக்கவும் வேண்டும். புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக் கல்விக்கும் ஆய்வுக்கும் தனி மையம் உண்டு. சென்னையில் சுமதி சுந்தர் தொடங்கிய இசைச் சிகிச்சைப் பள்ளி இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நோயாளிகளோடு நேரடியாக எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில்? இதற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு நடத்திச் 'சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட்' ஆக்கிவிடுவதாகச் சொல்லும் விளம்பரங்களை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

கச்சேரிக் கலைஞர்களுக்குக் கடினமாக இருப்பது ஒன்றுதான். அவர்களுடைய காது தவறான சுருதியைக் கேட்டதும் திருத்தச் சொல்கிறது. சிகிச்சை அறையில், எதிரில் இருப்பவர் எந்தச் சுருதியில் முனகுகிறாரோ அந்தச் சுருதிக்கு நாம் போக வேண்டும். இதைப் பழகிக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

முதல் சந்திப்பில் என்ன செய்வீர்கள்?

முதல் இரண்டு மூன்று அமர்வுகள் மதிப்பீட்டுக்கு மட்டுமே. மருத்துவ அறிக்கைகள், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், காது கேட்கும் திறன், வலிப்பு வந்த வரலாறு ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். இசையைக் கேட்டே வலிப்பு வருகிற அரிய நிலையும் உண்டு. ஆகவே வலிப்பு உள்ளவர்களை அவர்களுடைய நரம்பியல் மருத்துவரிடம் பேசாமல் ஏற்பதில்லை. சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு மிக்ஸி ஓசையே தாங்காது. அவர்களிடம் கருவியை வெளியே எடுப்பதற்கு முன்னால் கதவை எந்த ஓசையில் சாத்துகிறோம் என்பதைக்கூடக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, தொடங்கும்போது இருக்கிற நிலையை அளந்து எழுத வேண்டும். பார்க்கின்சன் நோயுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் அவரை அவருடைய போக்கில் நடக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுகிறேன். 84 என்றால், சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவியான மெட்ரோனோமையும் 84-இல்தான் வைக்கிறேன். அந்தத் தட்டுக்கு அவருடைய கால் பழகி, அடிகள் ஒரே சீராக விழத் தொடங்கிய பிறகே 88-க்கும் பின்பு 92-க்கும் போகிறேன். ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை கூட்டுவது இம்முறையின் வழக்கம். நரம்பியல் இசைச் சிகிச்சையை வகுத்த மைக்கேல் தாட்டும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நடைபாதையில் எப்போதும் அவருக்குப் பக்கத்தில் கைப்பிடித் தூரத்தில் ஒருவர் வர வேண்டும். தாளம் நன்றாக இருக்கிறது என்ற உற்சாகத்தில் இதை விட்டுவிடக்கூடாது. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

பக்கவாதத்தால் பேச்சு போனவர்கள் பாடுவது உண்மையா?

உண்மை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு ஒரு சொல்லும் வராதவர்கள், பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இதை அடிப்படையாகக் கொண்டு, 1973-இல் அமெரிக்காவில் ஒரு முறையை வகுத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறிய தொடர்களை இரண்டே சுரங்களில் இழுத்துப் பாடி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டி, படிப்படியாகப் பாட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது அதன் வழி.

தமிழில் இதைச் செய்யும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைக்கு இரண்டில் உயர்ந்த சுரத்தைக் கொடுப்பார்கள். தமிழ்ச் சொற்களில் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. ஆகவே அந்த வீட்டார் அந்தத் தொடரை இயல்பாகச் சொல்லும்போது குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கேட்டு, அதன்படி சுரத்தை அமைக்கிறேன். மற்றொன்று, 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துப் பயிற்சி செய்யக்கூடாது. அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தது 'தண்ணி குடு' என்றால் அதைத்தான் பாட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரோடு சேர்ந்தே இதைச் செய்கிறேன். தனியாக எடுத்துச் செய்வதில்லை.

ஆட்டிசம் இசையால் குணமாகுமா என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

குணமாகும் என்று சொல்லவே கூடாது. ஒன்பது நாடுகளில், நான்கு முதல் ஏழு வயதுக்குட்பட்ட 364 குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஐந்து மாதம் இசைச் சிகிச்சையும் பெற்ற குழந்தைகளுக்கும், அதைப் பெறாத குழந்தைகளுக்கும் ஆட்டிச அறிகுறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அது கண்டது. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு மறுபார்வை சற்று நம்பிக்கை தருகிறது; பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்கிறது. இரண்டையும் பெற்றோரிடம் சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்கள் பணம் மிச்சமானது நல்லதே. கேட்ட பிறகும் தங்குகிறவர்களிடம், 'மூன்று மாதத்தில் உங்கள் பிள்ளை ஒரு விளையாட்டில் தன் முறைக்காகக் காத்திருக்கும்படி செய்ய முயல்வோம்' என்பதுபோல் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஓர் இலக்கை மட்டுமே ஒப்புக்கொள்கிறேன்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

தொடக்கத்தில் அதிகம் தேவையில்லை. சுருதிப் பெட்டி, ஒரு கிட்டார் அல்லது கீபோர்டு, இரண்டு மூன்று அளவுகளில் கைமேளம், உடுக்கை, சலங்கை, ஜால்ரா, கோலாட்டக் குச்சிகள் போதும். ஊதும் கருவிகளை ஒருவருக்கொன்றாகத் தனியே வைக்க வேண்டும். மற்றவற்றை ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் துடைக்க வேண்டும். மூடிய சிறிய அறைக்குத் தவில் வேண்டாம். பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கும் மனப்போக்கோடு எனக்கு உடன்பாடில்லை; என் அறையில் அதற்கு இடம் உண்டு. ஆயினும் அண்மையில் வீட்டில் இறப்பைக் கண்ட ஒருவரிடம், அந்த ஓசை அவருக்கு எதை நினைவூட்டும் என்று கேட்டறிந்த பிறகே அதைக் கையில் எடுப்பேன்.

எவ்வளவு கட்டணம் வாங்கலாம்? இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

நாற்பத்தைந்து நிமிட அமர்வுக்கு நாற்பத்தைந்து நிமிடமா செலவாகிறது என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயத்தம், குறிப்பெழுதல், பெற்றோரோடு பேசுவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்கு வீட்டு அமர்வுக்குப் போனால் அரை நாளே போய்விடும். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய் என்றும் வாரத்துக்கு 15 அமர்வு என்றும் வைத்துக்கொள்வோம். காய்ச்சல், தேர்வு, ஊர்ப் பயணம் என்று இரண்டு நின்றுவிடும். மீதி 13 அமர்வுக்கு வாரம் 15,600 ரூபாய். மாதம் 62,000 ரூபாயைச் சற்றே தாண்டும் இந்தத் தொகையிலிருந்து அறை வாடகை, போக்குவரத்து, கருவிப் பழுது, மேற்பார்வைக் கட்டணம் எல்லாம் போக வேண்டும். மே மாதத்தில் பாதி வருமானம்கூட வராது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ வாரம் இரண்டு நாள் பகுதிநேர வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கட்டணம் நிர்ணயிக்காதீர்கள்; பெரும்பாலும் குடும்பத்தார் கைக்காசுதான். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி ஆடிட்டரிடம் கேட்க வேண்டும்.

ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் அமர்வைத் தவறவிட்டால் பாதிக் கட்டணம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கட்ட முடியாத குடும்பங்களுக்கு வாரம் இரண்டு இடங்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கியிருக்கிறேன். இலவசமாகச் செய்வதில்லை, சிறு தொகையாவது கொடுக்கும் குடும்பங்கள் உரிமையோடு கேள்வி கேட்கின்றன என்பது என் அனுபவம்.

அமர்வுகளை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சிறுவன் முதன்முதலாகச் சொன்ன சொல்லைப் படம் பிடித்து வெளியிட்டால் ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். பதினைந்து ஆண்டுக்குப் பின் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். முன்னேற்றத்தை ஒப்பிடுவதற்காக எடுக்கும் பதிவுகளைக்கூடப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு எடுத்து, பூட்டிய கணினியில் வைத்து, குறித்த காலத்தில் அழித்துவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை யாருக்கும் உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். இந்த விலக்கையும் முதல் நாள் தாளில் எழுதிவிடுங்கள்.

மேற்பார்வை எதற்கு? அனுபவம் வந்த பிறகும் தேவையா?

அனுபவம் வந்த பிறகுதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தனியாகத் தொழில் செய்கிறவருக்குப் பக்கத்து மேசையில் சக ஊழியர் கிடையாது. ஒரு முதியவரோடு பதினான்கு மாதம் பாடியிருப்போம். ஒரு காலை அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, 'அப்பா ராத்திரி போயிட்டாங்க' என்பார். பதினோரு மணிக்கு அடுத்த குழந்தை வந்துவிடும். அன்று அந்தக் குழந்தையோடு நான் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டியதையும், அதற்கு இடமே விடாததையும் மூத்த சிகிச்சையாளர் ஒருவர் பதிவைக் கேட்டுச் சுட்டிக்காட்டும்வரை நான் உணரவில்லை. மாதம் இரண்டு முறை ஒருவரிடம் நம் அமர்வுகளைத் திறந்து காட்டுவதற்கு நேரமும் பணமும் ஒதுக்க முடியாதவர் இந்தத் தொழிலைத் தனியாகத் தொடங்க வேண்டாம்.

சிகிச்சையை எப்போது முடிப்பது?

ஒப்புக்கொண்ட இலக்கு எட்டியபோது, அல்லது ஆறு மாதம் ஆகியும் அதை நோக்கி எந்த நகர்வும் இல்லாதபோது. இரண்டாவதைச் சொல்வதற்கு மனம் வராது. மாத வருமானமும் தடுக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தைகளிடம் நான்கு அமர்வுகளுக்கு முன்பே தொடங்கி, 'இன்னும் மூன்று முறை, இன்னும் இரண்டு முறை' என்று விரல் காட்டி, விடைபெறும் பாட்டிலும் அந்த எண்ணைச் சேர்த்துப் பாடுகிறேன். மருத்துவருக்கும் பள்ளிக்கும் இரண்டு பக்க அறிக்கை அனுப்புகிறேன். மூன்று மாதம் கழித்துக் குடும்பத்தாரை ஒரு முறை அழைத்துக் கேட்கிறேன். நான்காவது தட்டைத் தட்டிய சிறுவனின் தாயை அப்படி அழைத்தபோது, அவன் சாப்பாட்டு மேசையில் மூன்று முறை தட்டிவிட்டுத் தன் தங்கையின் முறைக்காகக் கையைத் தூக்கியபடி காத்திருக்கிறான் என்று சொன்னார்.